பூசையில் இருந்த செம்புச் சுத்தியல்

போன மாதம் நம்முடைய மெக்கானிக் சங்கத்திலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தீர்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், மூத்தவர்கள் ஆளுக்கொரு கருவியைப் பற்றி எழுதவேண்டும், உங்களுக்குச் சுத்தியல் என்றீர்கள். வந்தவர்களில் இளையவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, "சுத்தியல்ல எழுதுறதுக்கு என்ன அண்ணன் கிடக்கு? தூக்கி அடிக்கிறதுதானே," என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் போன பிறகு, கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "நடராசாட கதைய அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்க," என்றாள்.

அதைத்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கராஜில் தினமும் கைக்கு வருவது ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் உருண்டையுமான இரும்புச் சுத்தியல். தட்டைப் பக்கம் உளியை அடிக்க, உருண்டைப் பக்கம் ரிவெட்டின் தலையைப் பரப்ப. தகரத்துக்கும் மட்கார்ட்டுக்கும் மரச் சுத்தியல். பாலை மரத்தில் கடைந்தது கிடைத்தால் விடாதீர்கள். இரும்பால் தட்டினால் தகரம் இழுபட்டு அகன்றுவிடும், பிறகு எவ்வளவு தட்டினாலும் பழைய இடத்தில் உட்காராது. அலுமினிய மூடிகளுக்கு இறப்பர் சுத்தியல். அது துள்ளும். புதியவர்களின் நெற்றிக்குத் திரும்பி வரும், எனக்கும் வந்திருக்கிறது. ட்ரெக்டரையும் பெட்டியையும் இணைக்கிற கொளுவி இறுகினால் சம்மட்டி. அதைக் கையின் பலத்தால் அடிக்கக் கூடாது, தூக்கிவிட்டு அதன் பாரத்தை விழவிடவேண்டும். மேசன்மாரின் சுத்தியல் நமக்கு உரியதல்ல. அதன் தலையைக் கல்லுக்காகக் கடினமாக்கியிருப்பார்கள். கடினமான இரும்பின்மேல் பட்டால் பட்டதையும் கெடுத்து, தானும் சில்லாகத் தெறிக்கும்.

கடைசியாகச் செம்புச் சுத்தியல். செம்பு மெது. அடிக்கும்போது தான் நசுங்கும், அடிபடுவதை நசுக்காது. தண்டு, பேரிங், துளைக்குள் இறுகிப்போன 'பின்' என்கிற இணைப்பு ஆணி, இவற்றையெல்லாம் அதனால்தான் தட்டிக் கழற்றவேண்டும். இரும்பால் அடித்தால் பின்னின் தலை காளான்போல விரிந்துவிடும். விரிந்த தலை துளைக்குள் போகாது. அதன் பிறகு அந்தப் பின் உங்கள் பேச்சைக் கேட்காது.

இதெல்லாம் அன்றைக்கும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பிழைவிட்டேன்.

என்னுடைய கராஜ் வாழைச்சேனையில் இருந்தது. வீடும் கராஜும் ஒரே வளவு. வருடத்துக்கு ஒருநாள், ஆயுத பூசைக்கு, எல்லாக் கருவியையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்குவோம். சந்தனம் குங்குமம் வைத்து விளக்கேற்றினால் முடிந்தது. மறுநாள் விசயதசமிக் காலையில் திரும்பவும் பூசை செய்துதான் எடுப்போம். நடுவில் ஒரு ஸ்பெனரைக்கூடத் தொடமாட்டோம். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். செய்யவேண்டும். நமக்குச் சோறு போடுகிற பொருளுக்கு ஒருநாள் ஓய்வும் வணக்கமும் கொடுப்பது நல்ல காரியம்.

அந்த விஷயத்தில் என்னைவிட என் மனைவி கண்டிப்பு. நான் சொல்லவந்த அந்த வருடம் விளக்கேற்றிய பிறகு ஒரு குறடு கோணலாகக் கிடக்கிறதே என்று கையை நீட்டினேன்.

"கைய எடுங்க."

"நேராக்கத்தான் போறன்."

"அது கோணலா இருந்துதான் சாமியக் கும்பிடுது. நீங்க நேரா இருந்து கும்பிடுங்க."

அன்று காலையில் நடராசா வேலைக்குப் போகும்போது எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினான். எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி இருந்தவன், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நெல் மில்லில் வேலை. மில் முதலாளி முஸ்லிம் என்பதால் அங்கே பூசை லீவு இல்லை, நெல்லும் நிறைய வந்து கிடந்தது. "பின்னேரம் வாறன் அண்ணன், அவல் கடலைய முடிச்சிராதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் நாங்கள் தேவாரம் பாடி முடித்துக்கொண்டிருந்தோம். மோட்டார்சைக்கிள் ஒன்று வளவுக்குள் வந்து நின்றது. அந்த மில் முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். தலையெல்லாம் உமித்தூசி. வாசலில் செருப்பைக் கழற்றினார், ஆனால் உள்ளே கால் வைக்கவில்லை.

"பாஸ், பூசை நேரம் எண்டு தெரியும், மன்னிச்சிக்கங்க. மூணு தரம் போன் எடுத்தன். நடராசாட கை உள்ளுக்குப் போயிட்டு."

"எதுக்குள்ள நானா?"

"நெல்லுத் தள்ளுற சுருளுக்குள்ள. வைக்கோல் அடைச்சிட்டு எண்டு மூடியத் திறந்து கைய விட்டிரிக்கான். கரண்ட நிப்பாட்டியாச்சி. கியர்ப்பெட்டி பல்லு உடைஞ்சி இறுகிட்டு. அங்கிட்டும் திரும்புதில்ல, இங்கிட்டும் திரும்புதில்ல. சுருளையும் கியரையும் பூட்டுற பின்னக் கழட்டினாத்தான் சுருளத் திருப்பலாம். சம்மட்டியால ஒரு அடி போட்டம். அவன் போட்ட சத்தத்தில எல்லாரும் கைய விட்டுட்டம். சுறுக்கா வாங்க."

கழற்றவேண்டியது என்ன, எதனால் கழற்றவேண்டும் என்று அவர் சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. செம்புச் சுத்தியலும், அதோடு வைத்து அடிக்கிற பித்தளைக் கம்பியும். இரண்டும் சாமிப் படத்துக்கு முன்னால் நடுவில் இருந்தன. செம்பை அன்று புளிபோட்டு மினுக்கியிருந்தேன். அதன்மேல் குங்குமம் வட்டமாக இருந்தது. பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

என் கை பாதி தூரம் போனது. அதற்குமேல் போகவில்லை.

உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். சாமிக்கு வைத்ததை எடுத்தால் குற்றம் வந்துவிடும் என்ற பயம். அந்தக் குற்றம் நடராசாவின் கையிலேயே வந்து விடிந்தால் என்ன செய்வது என்றும் ஒரு யோசனை. பயம் வந்தால் புத்தி அதற்கு நல்ல நியாயம் தேடிக் கொடுத்துவிடும். நானா என் கையைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார். எடுங்க பாஸ் என்று அவர் சொல்லியிருந்தால் நான் எடுத்திருப்பேனோ என்னவோ. மற்றவர் சாமி விஷயத்தில் தான் வாய்வைக்கக் கூடாது என்று அவர் மரியாதையாக நின்றார். அந்த மரியாதையும் நடராசாவுக்கு எதிராகத்தான் முடிந்தது.

அப்போதுதான் என் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் ஒரு சுத்தியல் கிடப்பது நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு மேசன் வாங்கிவரச் சொன்னது. கடையில் ஒட்டிய தாள்கூடக் கிழிக்கவில்லை. பூசைக்கும் வைக்கவில்லை. "சுத்தியல் இரிக்கு நானா, வாங்க போவம்," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பாலத்தில் போகும்போது மனதுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. பூசையும் கெடவில்லை, உதவிக்கும் போகிறேன், பிள்ளையாரே வழிகாட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

மில்லில் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நடராசா முழங்காலில் இருந்தான். வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை சுருளுக்கும் தொட்டிக்கும் நடுவில். முகம் சாம்பலாகப் போயிருந்தது. என்னைக் கண்டதும், "அண்ணன் வந்திட்டாரு," என்று மற்றவர்களுக்குச் சொன்னான். இனிப் பயமில்லை என்பது போல.

ஒருவர் காஸ் கட்டர் கொண்டுவந்து தொட்டியை வெட்டுவோம் என்றார். சுற்றிவர உமியும் தூசியும். ஒரு பொறி போதும், கையோடு ஆளும் போய்விடும். வேண்டாம் என்றேன். இன்னொருவர் சுருளை இரண்டு பேர் சேர்ந்து கம்பியால் நெம்புவோம் என்றார். அது எந்தப் பக்கம் நகரும் என்று யாருக்கும் தெரியாது. அதையும் வேண்டாம் என்றேன். இந்த இரண்டு முடிவும் சரி. ஆனால் சரியான முடிவு இரண்டை எடுத்துவிட்டால் மூன்றாவதும் சரியாகத்தான் இருக்கும் என்ற தைரியம் வந்துவிடும். அதில் கவனமாக இருங்கள்.

மேசன் சுத்தியலால் பின்னின் தலையில் ஒரு அடி அடித்தேன். நடராசா கத்தினான். இரண்டாவது அடி. பின் அசையவில்லை, தலை மட்டும் ஒரு பக்கம் விரிந்தது. என் கண்முன்னாலேயே விரிந்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்கவேண்டும். இன்னொன்று அடித்தால் விட்டுவிடும் என்று மூன்றாவதும் அடித்தேன். சுத்தியலின் ஓரம் சில்லாகத் தெறித்து, நடராசாவின் காதுக்குப் பக்கத்தால் போய்ச் சுவரில் 'டிக்' என்று பட்டது.

நடராசாதான், "என்ன அண்ணன் அது?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல மகனே," என்றேன்.

ஒரு பலகைத் துண்டை நடுவில் வைத்து அடித்துப் பார்த்தேன், பலகைதான் பிளந்தது. இனி விரிந்த தலையை அரத்தால் ராவித் தேய்த்தால்தான் பின் துளைக்குள் போகும். மில்லில் ஒரு பழைய அரம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட்டுத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டே ராவத் தொடங்கினேன்.

"செம்புச் சுத்தியல் வேணும்," என்றேன் மனைவியிடம்.

அந்த நேரம் பார்த்து நடராசா முனகினான். நான் சொல்லப்போகிற சமாதானங்களை எல்லாம் தயார்பண்ணி வைத்திருந்தேன்.

"பித்தளைக் கம்பியும் வேணும்தானே?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது, சாமி என்ன நினைக்கும் என்று ஒரு சொல் கேட்கவில்லை. முப்பது வருடம் ஒரு மெக்கானிக்கோடு குடும்பம் நடத்தியவளுக்கு, செம்புச் சுத்தியல் தனியாக வேலை செய்யாது என்பது தெரிந்திருந்தது.

நான் ராவினேன். நானா தான் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் நடராசாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நடுவில் அவன் நானாவிடம், "மெசினுக்குப் பழுதா முதலாளி?" என்று கேட்டான். "மெசின் கிடக்கட்டும்டா, அல்லாஹ் உன்னத் தந்தாப் போதும்," என்றார் நானா.

மனைவி ஓட்டோவில் வந்து இறங்கினாள். பூசைக்கு விரித்திருந்த வெள்ளைத் துணியிலேயே இரண்டையும் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நான் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றுவிட்டேன்.

"நிக்காதீங்க. அடிங்க."

அவள் நடராசாவின் முன்னால் இருந்து, அவன் தலையைத் தன் மடியோடு சேர்த்து, இரண்டு காதையும் பொத்தினாள். "என்னப் பாரு தம்பி. அங்க பாக்காத, என்னப் பாரு."

பித்தளைக் கம்பியைப் பின்னின்மேல் வைத்து, செம்பால் ஒரு அடி. ஒன்றும் இல்லை. இரண்டாவது அடியில் சத்தம் மாறியது. இறுகியிருக்கும்போது பின் ஒருவிதமாக ஒலிக்கும், விடத் தொடங்கும்போது வேறுவிதமாக ஒலிக்கும். இதைப் புத்தகத்தில் எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது, கேட்டுத்தான் பழகவேண்டும். மூன்றாவது அடியில் பின் நகர்ந்தது. நான்காவதில் விழுந்தது. நானும் நானாவும் சுருளைப் பிடித்து மெல்லப் பின்பக்கம் திருப்பினோம். கை வெளியே வந்தது. மனைவி அந்த வெள்ளைத் துணியாலேயே சுற்றிக் கட்டினாள். அதே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

என் கணக்குப்படி, நான் போனதும் செம்புச் சுத்தியல் கையில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அதில் பாதி, நானே விரித்த தலையை நானே ராவிய நேரம்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. மற்ற மூன்றும் தப்பின. முன்னால் கொண்டுவந்திருந்தால் அந்த இரண்டும் தப்பியிருக்குமா என்று டொக்டரிடம் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது ஐயா என்றார். தப்பியிருக்கும் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் ஏதோ ஒரு பக்கம் மனம் ஆறியிருக்கும்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். "குறட்ட நேராக்கவே விடல்ல நீ. எப்படி எடுத்தனீ?"

அவள் சொன்னாள். "போனில அவன்ட சத்தம் கேட்டிச்சி. நானா வந்து சொல்லக்குள்ள எனக்கும் எடுக்கத் தோணல்லதானே. நானும் பக்கத்திலதானே நிண்டன்."

தம்பிமாரே, இது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. விளக்கு எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நடராசா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தான். அருகில் இருந்ததற்குப் பயந்தோம். சாமி அந்தப் பக்கத்திலும் இருக்கிறார் என்று வாயால் பாடுகிறவர்கள்தான் நாங்கள். பாடிய வாய் ஈரம் காயும் முன்னே மறந்துவிட்டோம்.

மறுநாள் விசயதசமி. கருவி எடுக்கும் பூசையைப் பிறகு பார்க்கலாம் என்று மனைவி என்னை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். நடராசா சாய்ந்து இருந்தான். கையில் பெரிய கட்டு. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"படு, படு."

"அண்ணன், என்னால உங்கட பூசை கெட்டுப்போச்சி என்ன?" என்றான். இரவெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தானாம்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவசரத்தில் கைக்குக் கிடைத்த சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன், அது சரிவராமல் மற்றதை எடுப்பித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கும் மனைவிக்கும் வெளியே நானா ஒருவருக்குத்தான் தெரியும், அவர் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவனும் வாழ்நாள் முழுக்க எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருப்பான்.

என்னால் முடியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். செம்புச் சுத்தியல் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, எதனால் அடிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் எடுக்கவில்லை என்று சொன்னேன். அந்த இரண்டு விரலிலும் எனக்குப் பங்கு இருக்கிறது என்றும் சொன்னேன்.

அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்துக் கட்டிலில் யாரோ ரேடியோ போட்டிருந்தார்கள், எங்கோ ஒரு கோயில் பூசையின் மேளச் சத்தம் அதில் வந்துகொண்டிருந்தது. அவன் ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது.

"உங்கட இடத்தில நான் நிண்டிருந்தா," என்றான், "நானும் எடுத்திருக்க மாட்டன் அண்ணன்."

எனக்கு ஆறுதலுக்காக அவன் அதைச் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். யோசித்துப் பார்த்து உண்மையைத்தான் சொன்னான். விரல் போனவனே எடுத்திருக்கமாட்டான் என்றால், விளக்குக்கு முன்னால் நின்று சரியாக யோசிப்பேன் என்று நம்மில் யார் சத்தியம் பண்ண முடியும்? அவசரத்தில் புத்தி வரும் என்று நம்பி இருக்காதீர்கள். எனக்கு வரவில்லை.

அதற்கு அடுத்த வருடத்திலிருந்து நான் செய்வது இதுதான். பூசைக்குக் கருவிகளை அடுக்கும்போதே செம்புச் சுத்தியல், பித்தளைக் கம்பி, அரம், நாலு ஸ்பெனர், ஒரு குறடு, இவற்றை ஒரு பையில் போடுவேன். அதற்கும் சந்தனம் வைப்பேன். வாசலுக்கு வெளியே ஆணியில் கொளுவிவிடுவேன். அதைச் செய்து முடித்த பிறகுதான் விளக்கேற்ற மனைவி நெருப்புப் பெட்டியைக் கையில் தருவாள்.